ஒரு புள்ளி விடுபட்டால் ஏட்டை மூடுவதா?

ஏட்டுச்சுவடிகளோடு பழகியவர்களுக்குத் தெரியும்: ஓலையில் எழுதியவர்கள் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை, வைத்தால் ஓலை கிழியும். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவ வேறுபாடு இராது. சொல் பிரிப்பில்லை, பத்தியில்லை. போதாததற்கு ஏடெழுதியோர் செய்த பிழைகள் வேறு. இத்தனையையும் கடந்துதான் 1887-இல் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சில் கொணர்ந்தார். பிழையுள்ள ஏட்டைத் தொடமாட்டேன் என்று அவர் சபதம் செய்திருந்தால் நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

அப்படியொரு சபதத்தை இணையத்தில் சிலர் செய்தார்கள். அந்தக் கதை பொறியாளர்களுக்கு மட்டும் உரியதன்று. இன்று நாம் வாசிப்பதில் பெரும்பங்கு திரையில் நிகழ்கிறது. ஆகவே வாசகரான நமக்கும் அதில் வழக்குண்டு.

வலைப்பக்கங்கள் எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழியில் எழுதப்படுகின்றன. இது தலைப்பு, இங்கே பத்தி தொடங்குகிறது, இங்கே முடிகிறது என்று குறிகள் இட்டுக்கொண்டே போகவேண்டும். ஒரு முடிவுக்குறியை மறந்தாலும், குறிகளை முன்பின்னாக இட்டாலும், உலாவி எப்படியோ ஊகித்துப் பக்கத்தைக் காட்டிவிடும். கணினி பயிலாத எத்தனையோ பேர் 1990-களில் வலைப்பக்கம் எழுத முடிந்தமைக்கு இந்தத் தாராளம் ஒரு காரணம். ஆனால் ஒவ்வோர் உலாவியும் தன் போக்கில் ஊகித்ததால் ஒரே பக்கம் இரண்டு உலாவிகளில் இரண்டு கோலம் கொண்டது. நோய் உண்மையானது, அதை நாம் மறுக்கவில்லை.

தரநிர்ணய அமைப்பான டபிள்யூ3சி அதற்குக் கண்ட மருந்து தூய்மை. 1998-இல் வகுக்கப்பட்ட எக்ஸ்.எம்.எல். விதிகளின்மேல் எழுப்பப்பட்ட எக்ஸ்.எச்.டி.எம்.எல். 1.0, 2000 ஜனவரியில் வெளியாயிற்று. எக்ஸ்.எம்.எல். சட்டம் கடுமையானது: கட்டமைப்பில் ஒரு பிழை தென்பட்டால் வாசிப்பு அங்கேயே நிற்கவேண்டும். நாற்பது பத்திக் கட்டுரையில் ஒரு முடிவுக்குறி விடுபட்டால் வாசகருக்குக் கிடைப்பது கட்டுரையன்று, ஒரு பிழைச்செய்தி. மறந்தவர் எழுதியவர்; தண்டனை வாசிப்பவருக்கு. இது எந்த ஊர் நியாயம்?

வேடிக்கை இனிமேல்தான். அந்நாளில் பெரும்பாலோர் பயன்படுத்திய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர், எக்ஸ்.எச்.டி.எம்.எல். பக்கத்தை அதற்குரிய முறையில் அனுப்பினால் திறக்காது. 2011-இல் ஒன்பதாம் பதிப்பு வந்த பிறகே திறந்தது. ஆகவே தூய்மைவாதிகள் தங்கள் பக்கங்களைப் பழைய எச்.டி.எம்.எல். என்னும் முகவரிச்சீட்டு ஒட்டித்தான் அனுப்பினார்கள். உலாவிகளும் அவற்றைப் பழைய தாராளத்தோடே வாசித்தன. தூய்மையின் அடையாளமாக அவர்கள் குறிகளின் இறுதியில் இட்ட சாய்கோட்டுக்குப் பழைய விதியில் வேறு பொருள். உலாவிகள் பெருந்தன்மையோடு அதைக் கண்டுகொள்ளாமல் விட்டன. எந்த மன்னிப்பை இழிவென்று ஏசினார்களோ, அந்த மன்னிப்பின் நிழலில்தான் அவர்கள் வாழ்ந்தார்கள். இயன் ஹிக்சன் இதை 2002-லேயே எழுதிக் காட்டினார். ஆயினும் பக்கத்தின் அடியில் 'செல்லுபடியான எக்ஸ்.எச்.டி.எம்.எல்.' என்னும் முத்திரை மின்னிக்கொண்டுதான் இருந்தது. சந்திப்பிழை அற்றது என்று நூலட்டையில் அச்சிட்டுக்கொள்வதைப் போன்றது அது. சந்திப்பிழை இல்லாமலே ஒன்றுமில்லாததை எழுதலாம் என்பது நம் துறையில் எல்லோருக்கும் தெரியும்.

அத்தோடும் நிற்கவில்லை. 2002-இல் வரைவாக வந்த எக்ஸ்.எச்.டி.எம்.எல். 2.0, பழைய பக்கங்களோடு ஒத்துப்போகும் கடமையையே உதறியது. 2004-இல் மொசில்லாவும் ஓபராவும், இருக்கும் எச்.டி.எம்.எல்.லையே வளர்க்கலாம் என்று முன்வைத்த யோசனை டபிள்யூ3சியின் பட்டறையில் ஏற்கப்படவில்லை. அவ்விரு நிறுவனங்களையும் ஆப்பிளையும் சேர்ந்தவர்கள் வெளியே தனிக்குழு அமைத்தார்கள். உலகம் முழுவதையும் ஒரே மூச்சில் எக்ஸ்.எம்.எல்.லுக்கு மாற்றும் முயற்சி பலிக்கவில்லை என்று 2006-இல் டிம் பெர்னர்ஸ்-லீயே ஒப்புக்கொண்டார். 2.0-க்கான பணிக்குழு அவ்வாண்டு இறுதியோடு கலையும் என்ற அறிவிப்பு 2009-இல் வந்தது. வெளியே அமைந்த குழுவின் வேலை எச்.டி.எம்.எல்.5 ஆயிற்று, 2014 அக்டோபரில் டபிள்யூ3சியே அதைப் பரிந்துரையாக வெளியிட்டது.

இதை ஒழுங்கின்மையின் வெற்றி என்று கருதுவோர் தவறிழைக்கிறார்கள். புதியவர்கள் செய்தது தூய்மைவாதிகள் செய்யத் துணியாத கடும் உழைப்பு. நிலவும் பக்கங்களையும், உலாவிகள் அவற்றை வாசிக்கும் விதத்தையும் ஆராய்ந்து, எந்தப் பிழையை எவ்வாறு செப்பனிட்டு வாசிப்பது என்பதற்கே விதி வகுத்தார்கள். அதனால் பிழையுள்ள பக்கமும் எல்லா உலாவிகளிலும் ஒரே விதமாகத் திறக்கலாயிற்று. நோய் தீர்ந்தது, நோயாளியும் பிழைத்தார். கருத்துகள் மோதும்போது எவர் நலம் முதலில் என்பதற்கும் வரிசை குறித்தார்கள்: பயனர், பக்கம் எழுதுவோர், உலாவி செய்வோர், விதி வகுப்போர், எல்லோருக்கும் பின்னால் கோட்பாட்டுத் தூய்மை. தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதன்று. வழக்கையும் செய்யுளையும் நாடி நூல் செய்ததாகத்தான் தொல்காப்பியத்தின் பாயிரமும் கூறுகிறது.

அப்படியானால் எப்படியும் எழுதலாமா என்று கேட்பார்கள். இல்லை. 'நடைமுறை' என்ற சொல்லைச் சோம்பலின் போர்வையாக்குவோரிடமும் நமக்குச் சண்டை உண்டு. கவிதையைப் படமாக்கி ஒட்டிவிட்டு, கண்ணுக்குத் தெரிகிறதே என்பவர்கள் இருக்கிறார்கள். பார்வையற்ற வாசகரின் திரைவாசிப்பான் அப்படத்திலிருந்து ஒரு சொல்லையும் ஒலிப்பது அரிது. ஒரே உலாவிக்கென்று கட்டப்பட்ட தளங்கள் இருந்தன. 2022 ஜூனில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கான ஆதரவை விண்டோஸ் 10-இன் பெரும்பாலான பதிப்புகளில் மைக்ரோசாஃப்ட் நிறுத்தியபோது அவற்றின் கதி என்ன? நம் வீட்டுக் கதையும் உண்டு. ஒருங்குறி பரவுமுன் ஆளுக்கோர் எழுத்துருவும் அதற்கொரு குறியேற்றமுமாக எழுதிக் குவித்தோம். அன்றைய அவசரத்துக்கு அது உதவியது. இன்று அந்த எழுத்துரு இல்லாமல் அப்பக்கங்களைத் திறந்தால் கதையும் கட்டுரையும் பொருளற்ற குறிகளாய்ச் சிதறிக் கிடக்கின்றன. ஓலை கிடைத்தும் எழுத்து கிடைக்காத நிலை. அங்கே பொதுத்தரம் இல்லாமையின் விலையைக் கொடுப்பவரும் வாசகரே.

எனவே தூய்மையா நடைமுறையா என்பது நம் கேள்வியன்று. ஒரு விதியின் செலவை யார் தலையில் கட்டுகிறோம் என்பதே கேள்வி. ஒருங்குறியைக் கடைப்பிடி, படத்துக்கு விளக்கம் எழுது, தலைப்பைத் தலைப்பென்று குறி எனும் விதிகள் எழுதுவோருக்குச் சிறு சுமை, வாசிப்போருக்குப் பெருநன்மை. அவற்றில் நாமும் கறாரானவர்களே. ஒரு குறி விடுபட்டதற்காக வாசகரின் முகத்தில் கதவைச் சாத்தும் விதி, எத்தனை அழகாக வகுக்கப்பட்டிருந்தாலும், விதி வகுத்தவரின் செருக்குக்கு மட்டுமே உதவும்.

சாமிநாதையர் பிழையைப் பிழையென்று அறிந்தவர். பல பிரதிகளை ஒப்பிட்டுப் பாடபேதங்களைக் குறித்து வைத்தார். ஆனால் ஏட்டை மூடவில்லை. உலாவி செய்வோரிடமும் விதி வகுப்போரிடமும் நாம் கேட்பது அவ்வளவுதான்.