நிழலைக் குறைத்த ஓவியம்

கணினியில் முப்பரிமாண உருவங்களை ஆக்குவோர், அவற்றுக்கு வேண்டுமென்றே காட்டூன் தோற்றம் ஊட்டும் முறையொன்று உண்டு. ‘செல் ஷேடிங்’ என்பது அதன் பெயர். முன்னாளில் காட்டூன் படங்களுக்கான உருவங்களைச் ‘செல்’ என்னும் ஒளிபுகும் தகட்டில் தீட்டினர். பெயர் அதனால் வந்தது. மெய்போல் தீட்ட வல்லமையில்லார் தேடிய குறுக்குவழி இது எனப் படித்தவர் சிலரும் எள்ளுகின்றனர். அக்கூற்று எனக்கு உடன்பாடன்று.

பரப்பின் ஒவ்வோரிடமும் எத்திசையை நோக்குகின்றது, ஒளி எத்திசையினின்று வருகின்றது என்னும் இரண்டையுங் கொண்டு கணினி அவ்விடத்தின் வெளிச்சத்தைக் கணிக்கும். வழக்கமான முறையில் அவ்வெளிச்சம் சிறிது சிறிதாக மங்கி இருளாகும். இம்முறையிலோ அதனை இரண்டு மூன்று படிகளாக வெட்டிவிடுவர். கரிய புறக்கோட்டுக்கும் ஓர் உபாயம் உண்டு. அதே உருவத்தைச் சற்றுப் பருக்கச் செய்து, கருமை பூசி, நம்மை நோக்காத புறங்களை மட்டும் வரைவித்தால், அசல் உருவைச் சுற்றி விளிம்பு கோடாகத் தெரியும். எளிய உபாயமே, ஆயினும் முதலில் எண்ணியவன் கெட்டிக்காரன்!

இவ்வளவுதானா என்பார், யப்பானியர் 2014 இல் வெளியிட்ட ‘கில்டி கியர்’ சண்டை விளையாட்டைக் காண்க. கணிப்பின்படி விழும் நிழல் சித்திரகாரனின் கண்ணுக்கு ஒவ்வவில்லை. ஆகவே பரப்பின் திசைக் குறிப்புகளையே அவர்கள் கையாலே திருத்தினர். பாத்திரந்தோறும் தனி ஒளி அமைத்தனர். அசைவின் இடைநிலைகளைக் கணினி நிரப்ப விடாது, நிலை நிலையாகத் தாமே நிறுத்தினர். இது குறுக்குவழியாயின் நெடுவழி யாதோ?

‘ஸெல்டா’ வரிசையின் கதையும் அறியத்தக்கது. நின்டெண்டோ நிறுவனத்தார் 2000 இல் மெய்போன்ற வீரன் வாட்போர் செய்யும் காட்சியைக் காட்டினர். மறு ஆண்டில் அவனே பெருங்கண் காட்டூன் சிறுவனாகத் தோன்றவே, அன்பர் பலர் முகஞ்சுளித்தனர். ‘விண்ட் வேக்கர்’ என்னும் அவ்விளையாட்டு யப்பானில் 2002 இல் வெளிவந்தது; 2013 இல் புதுக்கி வெளியிடப்பட்டது. மெய்ம்மையை நாடிய அக்கால விளையாட்டுகளின் முகங்கள் இன்று மரப்பொம்மைகளாகத் தோன்ற, அச்சிறுவனின் முகம் பழமைப்படவில்லை. நம் இலக்கண நூலார் உலகியல் வழக்கோடு நாடக வழக்கையும் ஒப்ப வைத்துப் போற்றினர். அந்நூல்களைப் பயில்வோர் இதனை எள்ளுதல் விந்தையன்றோ?

இனி, எவ்வுருவத்துக்காயினும் கருங்கோடொன்றைச் சுற்றி இழுத்து, நிழல் எங்கே விழுந்தால் என்னென விட்டுவிடுவாரும் உளர். அவர்தம் ஆக்கங்களை எள்ளுங்கால் யானும் உடன் சேர்ந்துகொள்வேன்.