அட்வான்ஸ் கொடுக்குமுன்...

முப்பதாண்டுக் காலம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர் சேமநிதிப் பணத்தைப் போட்டு, வாடகை வீடு ஒன்றில் மெஸ் தொடங்குகிறார். தையல் தொழிலாளி ஒருவர் குடியிருப்புத் தெருவில் வீடு பிடித்து ஆறு மெஷின் போடுகிறார். மைசூருவில் நம்மவர் பலரின் சொந்தத் தொழில் இப்படித்தான் ஆரம்பமாகிறது. வீடு தொழிற்கூடமாவதற்கு அனுமதி வேண்டும் என்பது, நோட்டீஸ் வந்த பிறகே பலருக்குத் தெரிகிறது.

சட்டம் புதியதல்ல. 1961-ஆம் ஆண்டின் கர்நாடக நகர, கிராமத் திட்டச் சட்டப்படி, கட்டடத்தின் உபயோகத்தைக் கணிசமாக மாற்ற, திட்ட ஆணையத்தின் எழுத்து மூலமான அனுமதி தேவை. ஒரு செங்கல்கூட வைக்காவிட்டாலும் இது பொருந்தும். வெள்ளையடிப்பது, பழுது பார்ப்பது போன்ற, வெளித்தோற்றத்தைப் பெரிதும் மாற்றாத வேலைகளுக்கு இந்த அனுமதி வேண்டியதில்லை. பாரம்பரியக் கட்டடமாயின் கட்டுப்பாடு அதிகம். எந்தப் பகுதியில் எந்தத் தொழில் நடத்தலாம் என்பதை மண்டல விதிகள் கூறுகின்றன. மாநகராட்சியின் தொழில் லைசென்ஸ் வேறு, இந்த அனுமதி வேறு.

இதை வெறும் கெடுபிடி என்று ஒதுக்கிவிட முடியாது. 2012 ஆகஸ்டில் லேன்ஸ்டவுன் கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து நால்வர் மாண்டனர். அது பழமையால் நேர்ந்தது. உபயோக மாற்றத்தால் அல்ல. ஆயினும், பலர் கூடும் இடத்தின் பலத்தை யாராவது முன்கூட்டியே பார்த்தாக வேண்டும் என்பதை அந்தத் துயரம் உணர்த்தியது. நாலு பேர் வசிக்கக் கட்டிய வீட்டில் நாற்பது பேருக்குச் சமைத்தால் சாக்கடையும் நெருப்பும் அக்கம்பக்கத்தாரின் கவலையாகிவிடுகின்றன.

ஆனால் நஷ்டம் யாருக்கு? வாடகையை உயர்த்திக்கொண்ட வீட்டுக்காரர் தப்பித்துவிடுகிறார். கடைக்குப் பூட்டு விழுந்தால் முதலை இழப்பவர் குடிக்கூலிக்காரரே. ஆகவே அட்வான்ஸ் கொடுக்குமுன், அனுமதிப் பத்திரத்தைக் காட்டும்படி கேளுங்கள். இல்லையென்றால், அதை வாங்கித் தரும் பொறுப்பு வீட்டுக்காரருடையது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். படிவம் புரியாவிட்டால் கன்னட நண்பர் ஒருவரின் உதவியை நாடத் தயங்கவேண்டாம், தரகரிடம் போகவேண்டாம்.

அதிகாரிகளுக்கும் கடமை உண்டு. லைசென்ஸ் கேட்டு வருபவரிடம், இந்த இடத்தில் இந்தத் தொழில் கூடுமா என்பதை அன்றே சொல்லிவிடலாம். எளிய நடையில் ஓர் அறிவிப்புப் பலகையும் வைக்கலாம். முதலீடு செய்தபின் பூட்டுவதைவிட, முன்பே எச்சரிப்பதே நல்ல நிர்வாகத்துக்கு அழகு.