அளவு பார்த்து வாங்குங்கள்!

பிறந்தநாள் வருகிறது. "எனக்கு அந்த சாமுராய் கேம்தான் வேணும். கிளாஸ்ல எல்லாரும் ஆடுறாங்க" என்று பையன் அடம் பிடிக்கிறான். "பொம்மை விளையாட்டுதானே" என்று அப்பாவும் பணத்தை எடுத்து நீட்டி விடுகிறார்.

அது பொம்மை விளையாட்டு அல்ல!

'கோஸ்ட் ஆப் சுஷிமா' என்ற வீடியோ கேம் 2020-ல் வெளிவந்தது. தயாரித்தது அமெரிக்க நிறுவனம். கதை நடப்பது ஜப்பானில். 1274-ல் மங்கோலியப் படை சுஷிமா தீவில் இறங்கியது நிஜச் சரித்திரம். அதை எதிர்த்து ஜின் சகாய் என்ற சாமுராய் போராடுவது கற்பனை.

மலை, வயல், காற்றில் ஆடும் நாணல் என்று காட்சிகள் கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆனால் தொடங்கிய சில நிமிடங்களிலேயே, ஒண்டிக்கு ஒண்டி மோத வந்த வீரன் மேல் மதுவை ஊற்றித் தீ வைக்கிறான் மங்கோலியத் தலைவன். பிறகு தலையைச் சீவுகிறான். அப்புறம் மணிக்கணக்கில் வாள்வீச்சு, பீறிடும் ரத்தம், பின்னால் பதுங்கி வந்து குத்துவது... குத்துவது யார்? பட்டனை அமுக்கும் பையன்தான்! சினிமாவில் அவன் பார்க்கிறான். இங்கே அவனே செய்கிறான்.

அதனால்தான் அமெரிக்காவில் இதற்கு 'எம்' முத்திரை. 17 வயது ஆனவர்களுக்கு என்று அர்த்தம். ஐரோப்பாவில் 18. ஜப்பானிலும் 18 வயது ஆனவர்களுக்கு மட்டுமே.

பிரிட்டனில் 2012 முதல் 18 முத்திரை ஆட்டத்தைச் சிறுவர்களுக்கு விற்பது குற்றம். அமெரிக்காவில் அப்படி இல்லை. கலிபோர்னியா கொண்டுவந்த தடைச் சட்டத்தை 2011-ல் சுப்ரீம் கோர்ட்டு செல்லாது என்று தள்ளிவிட்டது.

சட்டம் இருந்தாலும் ஓட்டை ஒன்று உண்டு. பணம் கொடுப்பவர் அப்பா! கடைக்காரர் என்ன செய்வார்?

கதையில் சரக்கு இல்லாமல் இல்லை. நேருக்கு நேர் நின்று போரிடுவதே தர்மம் என்கிறார் தாய்மாமன். ஊரைக் காக்க ஒளிந்து குத்தினால் தப்பா என்று தவிக்கிறான் மருமகன். பெரியவர்கள் யோசிக்க வேண்டிய கேள்வி அது. 10 வயதுப் பையனுக்கு அந்தத் தவிப்பா புரியும்? ரத்தம்தான் தெரியும்.

இதை ஆடினால் நாளைக்கே கத்தி தூக்குவான் என்பதல்ல பேச்சு. வயதுக்கு மிஞ்சிய சுமையை ஏன் ஏற்ற வேண்டும் என்பதுதான் கேள்வி.

வாங்குமுன் பெட்டியில் உள்ள எண்ணைப் பாருங்கள். பிளேஸ்டேஷனில் பிள்ளைக்குத் தனிக் கணக்கு திறந்து, வயது வரம்பு போடலாம். பாஸ்வேர்டு பெற்றோரிடமே இருக்கட்டும். பையன் 17-ஐ நெருங்கிவிட்டானா? முதலில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பாருங்கள். மறுப்பதானால் அதட்டாமல் காரணத்தைச் சொல்லி மறுங்கள்.

பிள்ளைக்குச் செருப்பு வாங்கும்போது அளவு பார்க்கிறோம். விளையாட்டுக்கு மட்டும் பார்க்க வேண்டாமா?