மருந்து நின்ற பின்னும் நீங்காத குறை

மனச்சோர்வுக்கு அளிக்கப்படும் ஃப்ளுவாக்ஸெட்டின் போன்ற மருந்துகள் பாலுணர்ச்சியைக் குன்றச் செய்வதுண்டு. மருந்தை நிறுத்தியதும் இக்குறை நீங்கிவிடும் என்றே நெடுநாள் கருதப்பட்டது. சிலருக்கு அது ஆண்டுக்கணக்கில் நீடிப்பதாக வந்த முறையீடுகளைப் பழைய நோயின் எச்சமெனத் தள்ளியோர் பலர். சோர்வு நோயும் பாலுணர்ச்சியைக் குறைப்பதால் அவ்வாதம் முற்றிலும் பொருளற்றதன்று. ஆயினும், நோயுற்றபோது இல்லாத உறுப்பு மரத்தலை அதனால் விளக்குதல் அரிது. 2019-இல் ஐரோப்பிய மருந்து முகமை இவ்வெச்சரிக்கையை மருந்துக் குறிப்பில் சேர்க்குமாறு பரிந்துரைத்தது.

எத்தனை பேருக்கு இது நேர்கிறது என்பது இன்னும் உறுதியாகக் கணிக்கப்படவில்லை. எங்ஙனம் கணிப்பது? கேட்போர் சிலர், நாணத்தை விட்டுச் சொல்வோர் அவரினும் சிலர். இதனைக் கூறி அச்சுறுத்தி, மருந்தைத் திடீரென விடச் செய்தல் பெருந்தீங்கு. சொல்பவரை ஐயுறாது கேட்டு, இந்திய மருந்து விழிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசிக்கு அறிவித்தல் களப்பணியாளர்க்கு இயலும். நோயாளியே அறிவிக்கவும் தடையில்லை.