வலிப்புக்கும் ஒரு பேரேடு வேண்டும்

சங்கத்திலிருந்து ஒரு சிட்டம் நூல் வெளியே சென்றால் பேரேட்டில் ஏறுகிறது. ஒரு ரூபாய் தவணை வந்தாலும் பாஸ் புத்தகத்தில் பதிகிறது. இவ்வளவு கணக்கறிந்த நாம், நம் வீட்டில் ஒருவருக்குக் காக்காய் வலிப்பு இருப்பின், அது எந்த நாளில் வந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது என்று ஒரு வரியேனும் எழுதி வைக்கிறோமா? மருந்துச் சீட்டுகளைத் துணிப்பையில் திணித்து ஆணியில் மாட்டுவதோடு சரி.

காய்ச்சலை டாக்டர் தொட்டுப் பார்த்து அறியலாம். வலிப்பையோ அவர் பெரும்பாலும் காண்பதேயில்லை. அவர் முன் அமர்ந்திருக்கும்போது நோயாளி நன்றாகவே இருப்பார். வலிப்பு வந்த நேரத்து நினைவும் அவருக்கு அநேகமாக இராது. கண்டவர் பக்கத்துத் தறிக்காரர், அல்லது அடுக்களையில் நின்ற தாயார். "மாதத்திற்கு எத்தனை தடவை?" என்று டாக்டர் வினவினால் தாயார் இரண்டு என்பார், மனைவி நான்கு என்பார். இந்த ஊகத்தின் மேல்தான் மருந்தின் அளவு கூடுகிறது, குறைகிறது.

எழுத வேண்டியது அதிகமில்லை. தேதி, மணி, எத்தனை நிமிஷம். உடல் முழுவதும் வெட்டியதா, ஒரு கை மட்டுமா, அல்லது விழித்தபடியே பேச்சற்று நின்றாரா. முந்திய இரவு உறக்கம் கெட்டதா, மாத்திரை தவறியதா. பண்டிகைக் கால நெசவிற்காக இராக்கண் விழித்த வாரங்களில் வலிப்பு மிகுந்திருந்தால் ஏடே அதைக் காட்டிக்கொடுக்கும். மாத்திரையின் பெயரும் மில்லிகிராமும் இன்றியமையாதவை. வலிப்பு நின்றுவிட்டதென்று தாமாகவே மாத்திரையைத் திடீரென நிறுத்துவோருக்கு ஓயாத வலிப்பு கண்டு உயிருக்கே அபாயம் நேரலாம்.

பெண்களுக்கு இந்த ஏடு இன்னும் அவசியம். நமக்குச் சுமார் 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவக் கழகத்தில் 1998ஆம் ஆண்டில் வலிப்புள்ள கர்ப்பிணிகளுக்கென்றே ஒரு பதிவேடு தொடங்கினர். தாய் உண்ட மருந்தும், பிறந்த குழந்தையின் நலமும் அதில் பதிவாயின. வால்ப்ரோயேட் என்னும் மருந்து கருவிலுள்ள குழந்தைக்கு ஊறு செய்யும் அபாயம் மிகுந்தது என்பது இத்தகைய பதிவேடுகளால் உலகெங்கும் தெளிவாயிற்று. ஆகவே அம்மருந்தை உண்ணும் பெண், கருத்தரிக்கும் முன்பே ஏட்டுடன் டாக்டரைக் காண வேண்டும், தாமாக நிறுத்தலாகாது.

இவ்வளவு எளிய காரியத்தைச் செய்யாதது ஏன்? சோம்பல் அன்று, அச்சமே. எழுதி வைத்தால் சம்பந்தம் பேச வருபவர் கண்ணில் படும் என்கிறார்கள். இந்து திருமணச் சட்டத்தில் 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நுழைந்த வலிப்பு என்னும் தடை 1999ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டுவிட்டது. நம் வீட்டுத் திண்ணைகளில் அது இன்னும் நீங்கவில்லை.

யாரிடம் காட்டுவது என்பதில் என் அபிப்பிராயம் இது. முதல் பக்கம் மட்டும் உடன் உழைப்பவர் அறியட்டும்: உண்ணும் மருந்து, தகவல் சொல்ல வேண்டிய வீட்டார், செய்ய வேண்டிய உதவி. ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வாயில் கரண்டியோ நீரோ புகுத்தலாகாது. கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் பயனில்லை. 5 நிமிஷம் கடந்தால் தக்கலை அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். தறிக்குழியில் இருப்பவருக்கும், சானல்கரையில் வாழைக்கு நீர் பாய்ச்சுபவருக்கும் பக்கத்தில் நிற்பவரே முதல் வைத்தியர். இதையெல்லாம் செல்பேசியில் எழுதலாமே என்பார் இளைஞர். விழுந்து கிடப்பவரின் பூட்டிய செல்பேசியைத் திறப்பது யார்?

உள்பக்கங்கள் அவருக்கும் அவருடைய டாக்டருக்கும் உரியவை. அங்கத்தினராகச் சேரும்போதே இந்த விவரத்தைக் கேட்டுப் பெற வேண்டும் என்று நண்பர் சிலர் கூறுவதை நான் ஒப்பவில்லை. கேட்கும் சங்கத்தில் மறைப்பவரே பெருகுவர். ஏட்டைக் காரணம் காட்டி எவருக்கும் நூலோ கடனோ மறுக்கப்படாது என்று அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவர எண்ணியுள்ளேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.