கப் கணக்கா? கிராம் கணக்கா?

"மைதா 2 கப், சர்க்கரை 1 கப், வெண்ணெய் 100 கிராம்." பல சமையல் குறிப்புகள் இப்படித்தான் தொடங்குகின்றன. படிக்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கப் எந்தக் கப்? காபி குடிக்கும் கப்பா, கடையில் விற்கும் அளவுக் கப்பா? உதவி செய்வதாக நினைத்து, '1 கப் = 250 கிராம்' என்று சிலர் கீழே ஒரு வரி சேர்த்து விடுகிறார்கள். குழப்பமே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கப் என்பது கொள்ளளவு. கிராம் என்பது எடை. இவை இரண்டும் ஒத்துப்போவது தண்ணீருக்குத்தான். 240 மில்லி கப்பில் தண்ணீர் 240 கிராம் இருக்கும். அதே கப்பில் மைதா சுமார் 125 கிராம், சர்க்கரை சுமார் 200 கிராம், தேன் சுமார் 340 கிராம். ஆக, 1 கப் மைதாவுக்கு 250 கிராம் போட்டால் மாவு இரண்டு மடங்காகிவிடும். கேக் கல்லாகும். முட்டை, வெண்ணெய், கேஸ் எல்லாம் வீண். முதன்முதலாகச் செய்து பார்ப்பவர் "எனக்குச் சமையல் வராது" என்று ஒதுங்கிவிடுவார். தவறு அவருடையதல்ல, அந்த ஒரு வரியுடையது.

கப்பும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. அமெரிக்காவில் ஏறத்தாழ 237 மில்லி, ஆஸ்திரேலியாவில் 250, ஜப்பானில் 200. மாவை அழுத்தி நிரப்பினால் ஓர் எடை, சலித்து நிரப்பினால் வேறு எடை. ஒரு ஸ்பூன் தூள் உப்பும் ஒரு ஸ்பூன் கல் உப்பும் ஒரே எடை இருக்காது. நம் ஊரிலும் 8 ஆழாக்கு ஒரு படி என்பார்கள். ஆனால் படியின் அளவு ஊருக்கு ஊர் மாறியது. தலை தட்டி அளப்பதா, குவித்து அளப்பதா என்ற சண்டை வேறு. இந்தியாவில் மெட்ரிக் அளவைகளுக்கான சட்டம் 1956-இல் வந்தது. கடை கிலோவுக்கு மாறியது, அடுப்படி டம்ளரிலேயே நின்றுவிட்டது.

"அம்மாவும் பாட்டியும் தராசு வைத்தா சமைத்தார்கள்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இட்லிக்கு 4 டம்ளர் அரிசி, 1 டம்ளர் உளுந்து என்றால் எந்த டம்ளரானாலும் சரியாக வரும். ஏனென்றால் அது விகிதம். பாதி கப்பிலும் பாதி கிராமிலும் எழுதும்போதுதான் விகிதம் உடைகிறது. இன்னொன்றும் உண்டு. வெளியூரில் படிக்கும் பிள்ளை அம்மாவிடம் கேட்டு, "ரவை ஒரு டம்ளர், நெய் 50 கிராம்" என்று எழுதிக்கொள்கிறது. அந்த டம்ளர் அம்மாவின் வீட்டில்தான் இருக்கிறது. டம்ளர் தொலைந்தால் கைப்பக்குவமும் தொலைந்துவிடும்.

இதற்கு விலை உயர்ந்த தராசு தேவையில்லை. பாக்கெட்டே எடை போட்டுத்தான் வருகிறது. 500 கிராம் ரவைப் பாக்கெட்டைப் பிரித்து, வீட்டு டம்ளரால் தலை தட்டி அளந்தால் போதும். 3 டம்ளர் வந்தால் ஒரு டம்ளர் ரவை சுமார் 167 கிராம். அரிசி, சர்க்கரை, கடலை மாவு என ஒவ்வொன்றையும் தனித்தனியாக இப்படி அளந்து, அலமாரிக் கதவின் உட்புறம் எழ்தி ஒட்டிவிடலாம். ஒன்றின் கணக்கு இன்னொன்றுக்குப் பொருந்தாது என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

குறிப்பு எழுதுபவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. மாவையும் சர்க்கரையையும் கிராமிலும், தண்ணீரையும் பாலையும் மில்லியிலும் எழுத வேண்டும். பெருங்காயம், மஞ்சள் தூள் போன்றவற்றுக்கு ஸ்பூனே போதும், ஒரு கிராமை வீட்டுத் தராசு சரியாகக் காட்டாது. கப்பில்தான் எழுதுவோம் என்றால், அது எத்தனை மில்லி கப் என்றாவது சொல்ல வேண்டும். ஒரு வரி கூடுதலாக எழுதினால், யாரோ ஒருவர் வீட்டில் மாவு வீணாகாமல் இருக்கும்.