வரைபடத்தில் ஒரு கோடு

மாங்கனித் திருவிழா பார்க்கவோ, திருநள்ளாற்றில் சனீசுவர பகவானைத் தரிசிக்கவோ காரைக்காலுக்கு வந்துபோகும் நேயர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்க மாட்டார்கள். வழியில் அவர்கள் ஓர் எல்லைக் கோட்டைத் தாண்டுகிறார்கள். வயலும் வாய்க்காலும் இருபுறமும் ஒன்றுதான். ஆனால் கோட்டுக்கு அப்பால் ஒரு சட்டம். இப்பால் வேறொரு சட்டம்.

2020-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் தமிழ்நாட்டுச் சட்டசபை, தஞ்சை, திருவாரூர், நாகை ஜில்லாக்களையும், கடலூர், புதுக்கோட்டை ஜில்லாக்களின் சில பகுதிகளையும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிற்று. எண்ணெய், எரிவாயுக்காகப் புதிதாகத் துளையிடலாகாது; தாமிர உருக்காலை போன்றவை கூடா என்பது ஏற்பாடு. முன்பே நடந்துவரும் வேலைகளை அது தொடவில்லை. காவேரியின் கடைமடையில், மூன்று பக்கமும் தமிழ்நாடு சூழ, சுமார் 160 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காரைக்காலோ புதுச்சேரியைச் சேர்ந்தது. ஆகையால் அந்தச் சட்டம் இங்கே செல்லாது. நெற்பயிருக்கு இது தெரியுமா? அரசலாற்றுத் தண்ணீருக்குத்தான் தெரியுமா?

மண்டலம் என்பதில் இன்னொரு வகையும் உண்டு. 2005-ஆம் வருஷத்துச் சட்டப்படி அமையும் சிறப்புப் பொருளாதார மண்டலம், சுங்க விஷயத்தில் அயல்நாடாகவே பாவிக்கப்படும். 1954 நவம்பர் வரை பிரெஞ்சு ஆட்சியில் நிஜமாகவே அயல்நாடாக இருந்து, சுங்கச் சாவடிகளைக் கண்டு சலித்த காரைக்கால்வாசிகளுக்கு இந்தப் பாவனை சற்று வேடிக்கையாகவே தோன்றும். யோசனையும் புதிதல்ல. குஜராத்திலுள்ள கண்ட்லாவில் 1965-லேயே ஏற்றுமதி மண்டலம் ஏற்பட்டது. சீனாவின் ஷென்ஜென் மண்டலம் பிறந்தது 1980-இல். பதினைந்து வருஷம் மூத்தவர்கள் நாம். மூப்பினால் மட்டும் என்ன பயன்?

புதுச்சேரி நகருக்கு அருகே சேதராப்பட்டு, கரசூர்ப் பக்கம் போய்ப் பார்த்தால் விடை கிடைக்கும். அங்கே சிறப்பு மண்டலத்துக்கென்று கிட்டத்தட்ட 750 ஏக்கர் நிலத்தைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. ஊரார் நிலத்தைக் கொடுத்தார்கள், ஆலைகள்தாம் வரவில்லை. பத்து வருஷத்துக்கும் மேலாக அது பயிரும் இல்லாமல் புகைபோக்கியும் இல்லாமல் கிடந்தது. புதுச்சேரிக்கு மட்டும் நேர்ந்த விதியன்று இது. தேசமெங்கும் இவ்வாறு அறிவிக்கப்பட்ட 45,635 ஹெக்டேரில் 28,488 ஹெக்டேரில்தான் வேலை தொடங்கியிருந்தது என்று 2014-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரே எழுதி வைத்தார்.

காரைக்காலில் தொழிலே இல்லையென்று சொல்வதற்கில்லை. எண்ணெய், இயற்கை எரிவாயுக் கழகத்தார் வெகு காலமாக இங்கே இருக்கிறார்கள். எரிவாயுவைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் 32.5 மெகாவாட் நிலையம் 2000-இல் திருமலைராயன்பட்டினத்தில் ஏற்பட்டது. கீழ வாஞ்சூரில் 2009-இல் தனியார் துறைமுகம் திறந்தது. நிலக்கரி வந்து இறங்கிற்று. அந்தக் கரித்தூள் தங்கள் வீடுகளில் படிகிறதென்று, கோட்டுக்கு அப்பாலுள்ள நாகூர்வாசிகள் முறையிட்டார்கள். தூளுக்கும் எல்லை தெரியவில்லை போலும்! போலகத்தில் தொழில் வளர்ச்சி மையத்துக்கென்று நிலம் ஒதுக்கியது பழைய கதை.

நாம் தொழிலுக்கு விரோதிகளல்ல. நம்மிடம் படித்துத் தேறிய பிள்ளைகள் பிழைப்புக்காகத் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போவதை வருஷந்தோறும் பார்க்கிறோம். அவர்கள் ஊரிலேயே சம்பாதிக்கட்டும் என்பதே நம் ஆசையும். ஆனால் முன்பே எடுத்த நிலம் நிரம்புவதற்கு முன் இனி ஒரு குழி நிலமும் எடுக்கலாகாது. ஆலைக்காரர் யார், தண்ணீர் எந்த ஊற்றிலிருந்து, கழிவு எந்த ஆற்றுக்கு என்பதை முதலில் சொல்லட்டும். பிறகு அளவுச் சங்கிலியை எடுத்து வரட்டும். கடைமடை விவசாயி மேட்டூர்த் தண்ணீருக்காகக் காத்திருக்கப் பழகியவன். நிலத்தை விற்ற பின்னும் காத்திருக்கச் சொல்வது தகாது. பட்டா உள்ளவனுக்காவது ஈட்டுத் தொகை வரும். நாற்று நட்ட கூலிப் பெண்ணின் பெயர் எந்தத் தஸ்தாவேஜில் இருக்கிறது?

2013-ஆம் வருஷத்து நிலமெடுப்புச் சட்டம், மூன்று வருஷம் அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த கூலியாளையும் பாதிக்கப்பட்ட குடும்பமென்று ஒப்புக்கொள்கிறது. மெச்சத் தக்கது. ஐந்து வருஷம் உபயோகப்படாத நிலத்தை உடையவரிடமே திருப்பித் தர வேண்டும், "அல்லது" சர்க்காரின் நில வங்கியில் சேர்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. இலக்கணம் போதிக்கும் நமக்கு அந்த "அல்லது" உறுத்துகிறது. காரைக்கால் மக்கள் தங்கள் பிரதிநிதிகளிடம் முதலில் கேட்க வேண்டியது அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான்.